போரான் என்பது ஆள் இல்லை

கும்மிடிப்பூண்டி அருகில்,
புதன் இரவு, 1974.

மரியாதைக்குரிய பாக்கியநாதன் மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகள் கிரேஸ் எழுதும் தோத்திரம். கர்த்தர் கிருபையால் இங்கே அம்மா, நைனா, ஆடுகள் எல்லோரும் சுகம். பெரம்பூரில் நீங்களும் அத்தையும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் மட்டும் சுகமில்லை. காய்ச்சல் அல்ல, பயம். விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

ஏரிக்குப் பின்னால் பூமியைத் துளைத்து ஆராயும் சர்க்கார் ஆட்கள் கூடாரம் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இட்லி கொண்டுபோவது பக்கத்து வீட்டுச் செங்கம்மாள் அக்கா. திங்கட்கிழமை அங்கே பெரிய அதிகாரியான பூவராகவன் சார், மெட்ராஸிலிருந்து வந்த பரிசோதனை முடிவை இன்னொருவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்: "போரான் ஜாஸ்தி, காலியம் கம்மி." அக்கா கூடையோடு ஓடிவந்து தெருவில் சொன்னது இது: "போறான்றாரு, காலின்றாரு, கும்மின்றாரு. கும்மிடிப்பூண்டியே காலிம்மா."

சாயங்காலம் குழாயடியில் ஊரே கூடிவிட்டது. காலி செய்யச் சொன்னதைவிடச் சொன்ன விதம்தான் கடைக்காரர் பச்சையப்பனுக்குப் பொறுக்கவில்லை. "போவச் சொல்றதுதான் சொல்றான், போறாங்கன்னு மரியாதயா சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவான்?" என்றார். "நான் என் எருமையக்கூட வாங்கம்மான்னுதான் கூப்புடறேன்" என்றார் செங்கம்மாள் அக்கா. நைனா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "தொரத்துற வரிக்கும் குந்திக்கினு இருக்க முடியாது. வர்ற திங்கக்கெழம பொண்ணுக்கு டி.சி. வாங்கிடறேன். ஊத்துக்கோட்டைல எங்க அக்கா ஊட்டுல இருந்துக்கினு வேர்க்கடலக் கொல்லில களை எடுக்கட்டும். ஒம்பதாவது வரிக்கும் படிச்சது போதும்."

ஆனால் போரான் ஆள் இல்லை, மாமா. எனக்கு எப்படித் தெரியும் என்றால், இன்று பள்ளி விட்டதும் நைனா போகக் கூடாது என்ற அந்தக் கூடாரத்துக்கே போனேன். பூமிக்குள்ளிருந்து உருவிய சாம்பல் நிறக் கல்லைச் சார் காட்டினார், கரும்புத் துண்டு போல உருளையாக இருந்தது. தண்ணீரில் களிமண் படிந்து படிந்து, மேலே பாரம் ஏறி ஏறி இறுகிக் கல்லானதாம். "இதுல இல்லைட் இருக்குது" என்றார். "இருக்குதா, இல்லையா சார்?" என்று கேட்டேன். சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. இல்லைட் என்பது களிமண்ணில் ஒரு வகையாம். போரானும் காலியமும் அதற்குள் துளித்துளியாக இருக்கும் தனிமங்களாம். கடல்நீரில் போரான் அதிகம், களிமண் அதைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாதாம். அதனால் போரான் கூடவும் காலியம் குறைவாகவும் இருந்தால், அந்த இடம் ஒரு காலத்தில் கடலாக இருந்திருக்கலாம் என்று ஊகிப்பார்களாம். "கருவாட்டுப் பானை மாதிரியா சார், கழுவினாலும் வாசனை போவாதே?" என்றேன். "அதேதாம்மா" என்றார். அவர் திரும்பியதும் கல்லை நக்கிப் பார்த்தேன். உப்பே இல்லை, நாக்கில் ஒட்டிக்கொண்டது. கடலில் கிடந்த கல் ஏன் கரிக்கவில்லை, மாமா? நம் தெரு கடலாக இருந்தபோது கரை எங்கே இருந்தது, ஊத்துக்கோட்டையிலா? அவ்வளவு தண்ணீரும் எந்த வழியாகப் போனது?

இதை நைனாவிடம் சொன்னால், "அந்த ஆம்பளைங்க கூட உனுக்கு இன்னா பேச்சு?" என்பார். டி.சி. நாளைக்கே வந்துவிடும். ஆகையால் ஞாயிறு காலை ரயிலில் வாருங்கள், நீங்கள் சொன்னால் நைனா கேட்பார். நான் எழுதியதாகச் சொல்லாமல், சாப்பிடும்போது உங்களுக்கே ஞாபகம் வந்தது போலப் போரானைப் பற்றிப் பேச்செடுங்கள்.

கர்த்தர் உங்களையும் நீங்கள் ஏறும் ரயிலையும் காப்பாராக.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
கிரேஸ்

பி.கு.: வியாழன் காலை. தபாலில் போடப் போனபோது வேறு இலாகா ஜீப் ஒன்று வந்தது. ஏரியிலிருந்து ரோடு வரை தொழிற்சாலைகள் வரப்போகின்றனவாம், அறுவடைக்குப் பிறகு எங்கள் தெருவே காலி செய்ய வேண்டுமாம். பூவராகவன் சாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவரே இப்போதுதான் கேள்விப்படுகிறார். செங்கம்மாள் அக்கா "நான் அன்னிக்கே சொல்லல?" என்று இடுப்பில் கை வைத்துத் தெரு நடுவில் நிற்கிறார், யாராலும் தாண்டிப் போக முடியவில்லை. ஆகையால் போரான் பேச்சே வேண்டாம். ஆனால் கட்டாயம் வாருங்கள். மாற்று இடம் தருவார்களாம், எந்தப் பக்கம் கேட்பது என்று நைனா யோசிக்கிறார். ஹைஸ்கூல் பக்கத்தில் இருக்கிற இடமாகக் கேட்கச் சொல்லுங்கள், மாமா. மண் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.