வீரம்மாவின் வியப்பு

"அக்கா, தலைக்கு எவ்வளவு எண்ணெய் வெச்சீங்க?" என்று கனிஷ்கா கேட்டாள்.

"பெரிய எடத்துக்கு வர்றமேன்னு ஒரு கை ஜாஸ்தியாத்தான் வெச்சேனுங்க" என்றாள் வீரம்மா.

முப்பத்திரண்டு பொத்தான்கள் தைத்த துணித்தொப்பி அவள் தலையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. பொத்தான்கள் மண்டைத் தோலைத் தொட்டால்தான் மூளையின் அலைகள் கம்ப்யூட்டருக்குப் போகும். அந்தத் தேங்காய் எண்ணெயைத் தாண்டி எந்த அலையும் வருவதாக இல்லை.

குன்னூர்ச் சரிவில் இருந்த அந்த மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் கனிஷ்கா மூன்று மாத இன்டர்ன். மனிதர்கள் வியந்துபோகும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. ஊட்டி காந்தலிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, பதினோரு பேருக்கு உலகத்து அதிசயங்களையெல்லாம் படம் போட்டுக் காட்டிவிட்டாள். ஒருவரும் அசரவில்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலையைக் காட்டினால் எப்படி அசருவார்கள் என்று படங்களைப் பொறுக்கிய மேதாவி யோசிக்கவில்லை. இத்தலார் விவசாயி ராசு இமயமலையைப் பார்த்துவிட்டு, "இத்தனை உறைபனி விழுந்தா கேரட்டு போச்சுங்க" என்று வருத்தப்பட்டுக்கொண்டே எழுந்து போனார்.

கடைசி ஆள் வீரம்மா. தேயிலை எஸ்டேட்டில் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். இன்றைக்கும் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவதாக டைரக்டர் அருள்ராஜ் சொல்லியிருந்தார். அதோடு கனிஷ்காவுக்குத் தருவதாக இருந்த இரண்டு வருட வேலையும் போய்விடும். அவளுக்கோ அந்த வேலையின் மேல் உயிர். ஒன்றரைக் கிலோ சதைக்குள் ஒரு மனுஷரின் கோபமும் கனவும் கணக்கும் பாட்டும் எப்படித்தான் அடங்கியிருக்கின்றன என்று நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

"தலைக்கு ஊத்திக்கலாமாக்கா?"

வெந்நீர் வைத்து, மூன்று தடவை ஷாம்பு போட்டுத் தேய்த்தாள். எண்ணெய் போனது, ஈரம் வந்தது. இடுப்பு வரை இறங்கும் அந்தக் கூந்தல் குன்னூர்க் குளிரில் மறுநாள் வரை காயாது. வீரம்மா வெடவெடவென்று நடுங்கினாள். கனிஷ்கா ரூம் ஹீட்டரைப் போட்டாள். அது போதாதென்று ஹேர் டிரையரையும் போட்டாள். பட்டென்று ஒரு சத்தம், அறை இருண்டுவிட்டது.

டெக்னீஷியன் பாலகுமார் வந்து ஃபியூஸை மாற்றிக் கொடுத்தான். அதற்குள் தலை அரைகுறையாகக் காய்ந்திருந்தது, வீரம்மாவின் தைரியம் மட்டும் அடியோடு போயிருந்தது.

"முடி காய வெக்கவே இப்படி வெடிக்குது. தலையில ஒயரு மாட்டுனா என்னாவறது? நான் ஊட்டுக்குப் போறேன் கண்ணு."

"கரண்ட் உங்களுக்கு வராதுக்கா. உங்ககிட்ட இருந்துதான் மெஷினுக்குப் போகும்."

"என்கிட்ட ஏது கண்ணு கரண்டு?"

இதற்கு மூன்று மாதத்தில் பதில் சொல்லிவிட முடியாது. கனிஷ்கா இன்னொரு தொப்பியை எடுத்துத் தன் தலையில் மாட்டி, ஜெல் தடவி, ஒயரைக் கம்ப்யூட்டரோடு இணைந்த பெட்டியில் செருகிக் காட்டினாள். "பாருங்க, எனக்கு ஏதாச்சும் ஆகுதா?"

வீரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பச் சரி. ஆனா நீயும் கழட்டக் கூடாது. என்ன ஆனாலும் ஜோடியாவே ஆகட்டும்."

அந்த நேரம் பார்த்து டைரக்டர் உள்ளே வந்தார். "ரெடியா?"

"ரெடி சார்" என்ற கனிஷ்கா, அவசர அவசரமாக வீரம்மாவுக்குத் தொப்பியை மாட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் பெரிய அருவி. கம்ப்யூட்டரில் கோடுகள் படுத்துக் கிடந்தன.

"எத்தனை தண்ணி வீணாப் போகுது" என்றாள் வீரம்மா.

அடுத்து திமிங்கிலம். "இத்தாப் பெரிசா இருந்து அதுக்கு என்ன பிரயோஜனம்?"

அடுத்து கோடி நட்சத்திரங்கள். "நாளைக்கு நல்ல வெயிலுங்க."

கோடுகள் புரண்டுகூடப் படுக்கவில்லை. டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கனிஷ்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசிப் படம், மூடுபனியில் மறைந்த தேயிலை மலை. வீரம்மா சிரித்துவிட்டாள்.

"ஏனுங்க சார், போன ஐப்பசியில எங்க எட்டாம் நம்பர் மலையில இதே மிஸ்ட்டுங்க. என் கையே எனக்குத் தெரியல. கொழுந்த வெரலு பாத்துக்கும், கண்ணு வேண்டியதில்ல. பக்கத்து நெரையில சசிகலா நிக்கிறான்னு நெனச்சு, என் நாத்தனாரப் பத்தி அரை மணி நேரம் பேசிட்டே பறிச்சேன். பதிலே இல்ல. புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு மட்டும் வருது. அவளுக்குச் சளி புடிச்சாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன்."

"அப்புறம்?" என்றாள் கனிஷ்கா.

"மிஸ்ட்டு வெலகுச்சு. பாத்தா காட்டுமாடு. ஆளு ஒசரம். கைய நீட்டுனா கொம்பு. அது கண்ணுக்குள்ள நான் கூடையோட நிக்கிறது தெரியுது."

"ஓடலையாக்கா?"

"எங்க கண்ணு ஓடறது? வாயில இருந்த பேச்ச முடிச்சேன். அது அசையாம நின்னு கேட்டுட்டு, மெதுவாத் திரும்பி, ஒரு செடியக்கூட மிதிக்காம எறங்கிப் போச்சு. எங்கூட்டுக்காரரு ஒரு நாளும் அவ்வளவு பொறுமையாக் கேட்டதில்லீங்க."

கம்ப்யூட்டரில் முப்பத்திரண்டு கோடுகளும் ஒருசேர எழுந்து நின்றன. கூடத்தின் சரித்திரத்தில் அப்படி ஓர் அலை வந்ததில்லை. எழும்பிய அலை அடங்கவே மனமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கனிஷ்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு பெண் நேருக்கு நேர் பார்த்த காட்டுமாட்டின் கண், ஒரு வருடம் கழித்து இந்த அறைக்குள் வந்து நிற்கிறதே என்று திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். இப்படி ஒரு மூளைய நான் பாத்ததில்ல" என்றார் டைரக்டர். ஃபைலைத் திறந்து, ஆராய்ச்சியைத் தொடரலாம் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். "இந்தத் தலை இனி ரெண்டு வருஷத்துக்கு நம்ம லேபை விட்டுப் போகவே கூடாது."

"எஸ்டேட்டுல அத்தனை நாளு லீவு தர மாட்டாங்களே சார்" என்று வீரம்மா கவலைப்பட்டாள்.

ஒயர்களைச் சுருட்ட வந்து மேஜைக்கு அடியில் குனிந்திருந்த பாலகுமார் தலையை நீட்டினான்.

"சார், அக்காவோட ஒயரு இங்க கீழ சும்மாக் கெடக்குதுங்க. பெட்டியில சொருகியிருக்கிறது கனிஷ்கா தலைங்க."