உண்போர் பட்டியலில் நான்கு கோழிகள்

பொதுமக்களின் நன்மையை முன்னிட்டு வெளியாகும் சுற்றறிக்கைகளை நான் எப்போதும் நின்றுகொண்டுதான் படிப்பேன். அது ஒரு மரியாதை. அன்று வந்ததையும் அப்படித்தான் படித்தேன். படித்து முடித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

"ஊழியர் குடியிருப்பின் தரைத்தளத்தில் வசிப்போர், தம் வீட்டுப் பின்புற மண்ணைப் பயனின்றி வைத்திருப்பது வருத்தத்துடன் கவனிக்கப்பட்டுள்ளது. ஆகவே, ஆறு மாதங்களுக்குள் தற்சார்பு இல்லமாக மாறாதோர், மண்ணில்லாத நான்காம் மாடிக்கு அன்புடன் மாற்றப்படுவர்."

அந்த 'அன்புடன்'தான் என்னை உட்கார வைத்தது.

நான் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவன். எனக்கு எந்த மாடியும் ஒன்றுதான். என் மனைவிக்கு அப்படியில்லை. முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். அவளிடம் வருகிறவர்கள் வாசலோடு நின்று அளவு கொடுத்து, ஊர்வம்பையும் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஒரு பொத்தான் வைக்க நாலு மாடி யார் ஏறுவார்கள்?

"மேல போனா என் மெஷினைப் பழைய இரும்புக்குத்தாங்க போடணும்" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் எங்கள் வீட்டில் உடைகிற குரல் என்னுடையதாகத்தான் இருந்திருக்கிறது. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"அழாதே. தற்சார்பு ஆயிட்டாப் போச்சு" என்றேன், ஏதோ குளித்துவிட்டு வருகிற மாதிரி.

அடுத்த வாரமே கட்டடம் முழுக்க அந்தக் காய்ச்சல் பரவிவிட்டது. மண்ணே இல்லாதவர்களுக்குத்தான் அதிகமாகக் கண்டது. நான்காம் மாடி அக்கா வீட்டிலேயே சோப்பு காய்ச்சினாள். அந்தச் சோப்பைப் போட்டுக் கழுவிய கையை வேறு சோப்பு போட்டுக் கழுவவேண்டியிருந்தது. எங்கள் போஸ்ட் மாஸ்டர் தானே நெய்து தானே தைத்த சட்டையில் வந்தார். ஒரு கைதான் இருந்தது. "இன்னொரு கை அடுத்த மாசம் வந்துடும்" என்றார் பெருமையாக. மற்றவர்கள் கடையில் காய்கறி வாங்கி, அலுவலகப் பையில் ஒளித்து எடுத்து வந்து, மாடிப்படியில் வைத்து மண் பூசினார்கள்.

நாங்கள் மட்டும் பைத்தியக்காரர்கள், நிஜமாகவே பயிர் செய்தோம். பின்புறத்தை நான் கொத்தினேன், அவள் விதைத்தாள். தக்காளி வந்தது, அவரை வந்தது, கீரை வேலி தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தது. துணி அலமாரியின் கீழ்த்தட்டில் காளான் முளைத்தது. என் உள்சட்டைகளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. முடிதிருத்தும் கடைக்குப் போவது தற்சார்புக்கு இழுக்கு என்று என் தலையைத் துணி வெட்டும் கத்தரியால் அவளே வெட்டினாள். தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டினாள், பழக்க தோஷம். நான்கு கோழிகளும் வாங்கினோம். அவற்றில் மகாராணி என்பவள் தினம் ஒரு முட்டை, அதுவும் சொன்ன நேரத்துக்கு. என்னைவிட ஒழுங்காக வேலைக்குப் போன ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான். கடைக்குப் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது என்று ஒருநாள் கணக்குப் பார்த்தபோது, இரண்டு பேரும் சமையலறையில் கைகோத்துக் குதித்தோம். வெட்கமே இல்லை.

ஆறாம் மாதம் ஆய்வுக் குழு வந்தது. தலைமை ஆய்வாளர், அளவையாளர், குறிப்பாளர் என்று மூன்று பேர். பதிவேட்டையும் தராசையும் தவிர மூன்று பேருடைய கையிலும் ஒன்றுமில்லை.

"மூணு நாள் இங்கேயே தங்கிப் பார்ப்போம்" என்றார் தலைமை ஆய்வாளர். "வெளிப் பொருள் எதுவும் வீட்டுக்குள்ள வரக் கூடாது. அதனால எங்க சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூட ஆபீஸ்லயே வச்சிட்டு வந்துட்டோம்."

"அப்ப சாப்பாட்டு வேளைக்கு வெளியே போயிட்டு வந்திடுவீங்களா ஐயா?" என்று கேட்டாள் என் மனைவி.

"எப்படிம்மா? வெளியே சாப்பிட்டுட்டு உள்ள வந்தா, வயித்துல வச்சு வெளிப் பொருளைக் கொண்டு வந்ததா ஆயிடாதா?"

அதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. கட்டிலை அவர்களுக்குக் கொடுத்தோம்.

அளவையாளர் வேலையில் கறாரானவர். ஒவ்வொரு தக்காளியையும் பறித்தார், நிறுத்தார், தின்றார். குறிப்பாளர், "உண்ணத் தக்கது" என்று எழுதினார்.

"ஒண்ணைத் தின்னு பார்த்துட்டு, மத்ததும் அப்படித்தான்னு எழுதிக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

அளவையாளர் கையிலிருந்ததை விழுங்கிவிட்டு, "ஊகத்தின் அடிப்படையில் நாங்கள் எழுதுவதில்லை" என்றார். முதல் நாள் மாலைக்குள் தக்காளி முழுவதும் ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்யப்பட்டுவிட்டது. மறுநாள் அவரைக்காயும் கீரையும். காளானுக்காக என் உள்சட்டைகளையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார்கள்.

முட்டையில்தான் சிக்கல் வந்தது.

"கண்ணால பார்க்காத முட்டை கடை முட்டை" என்று சொல்லிவிட்டார் தலைமை ஆய்வாளர். கூட்டின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் மற்ற இருவர். மகாராணி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கையெழுத்தே வராது, கோழிக்கு முட்டை எப்படி வரும்? இரண்டு நாள் முட்டை இல்லை. மற்ற மூன்றும் அவளைப் பார்த்து நிறுத்திக்கொண்டன.

"எழுதிக்குங்க" என்றார் அவர். "முட்டையிடாததால் மேற்படி கோழிகள் உற்பத்தியாளர் அல்ல. ஆனால் தீனி தின்கின்றன. எனவே உண்போர். இவங்க ரெண்டு பேர், நாம மூணு பேர், கோழி நாலு. ஆக, இந்த வீட்டில் உண்போர் ஒன்பது பேர்."

"ஐயா, நாங்க ரெண்டே பேர்தான்!" என்று அலறினேன்.

"படிவத்துல 'ஆய்வு நாளில் வீட்டில் உண்டோர்'னுதான் கேட்டிருக்கு. நாங்க உண்டோமா இல்லையா? பொய் எழுதச் சொல்றீங்களா?"

"ஒன்பது பேருக்கு இந்தத் தோட்டம் காணுமாங்க?"

"காணாது. உண்போரைக் குறைச்சா விகிதம் கொஞ்சம் தேறும்."

"நீங்க மூணு பேரும் கிளம்புனா இப்பவே குறைஞ்சிடுமே" என்றாள் மனைவி பளிச்சென்று.

"ஆய்வு முடியாம நாங்க எப்படிம்மா கிளம்புறது?" என்றவர், கூட்டைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் மதியம் உண்போர் எண்ணிக்கை ஒன்பதிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. மூன்று கோழிகள் குழம்பாயின. மகாராணி மட்டும் மதில் மேல் ஏறிப் பறந்துவிட்டாள், பதிவேட்டில் 'இடம்பெயர்ந்தவர்' என்று எழுதிக்கொண்டார்கள். என் மனைவி குழம்பைக் கிளறிக்கொண்டே அழுதாள். அவர்கள் காரம் கொஞ்சம் தூக்கல் என்றார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் தலைமை ஆய்வாளர் தீர்ப்பை வாசிக்க எழுந்தார். "உண்போர் ஐந்து. தோட்டத்தில் தற்போதைய இருப்பு, பூஜ்யம். ஆகவே இவ்வில்லம் நான்காம் மாடிக்கு அன்புடன்..."

அந்த நேரம் பார்த்து அவருடைய கால்சட்டைப் பொத்தான் பட்டென்று தெறித்து, எதிர்ச்சுவரில் பட்டு உருண்டது.

அவர் ஒரு கையில் தீர்ப்பையும் இன்னொரு கையில் கால்சட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றார். என் மனைவி கண்ணைத் துடைத்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினாள்.

"வந்தன்னிக்குக் கண்ணால அளந்ததுக்கு ரெண்டு அங்குலம் கூடியிருக்குங்க ஐயா."

"எல்லா வீட்லயும் இப்படித்தாம்மா ஆகுது" என்றார் அவர், குரல் இறங்கிப்போய். "எங்க துறையில பதினாறு பேர். அத்தனை பேருக்கும் இதே அவஸ்தை. யாரும் வெளிய சொல்லிக்கிறதில்ல."

"வீட்ல சமையல் யாருங்க ஐயா?"

"சமையலா?" அவர் முகம் மலர்ந்தது. "எங்க வீட்டு அடுப்பைப் பத்த வச்சு ஏழு வருஷம் ஆச்சு. கடையில ஒரு உப்புக்கல்லு வாங்கினது கிடையாது. வீட்டுக்காரியும் பிள்ளைங்களும்கூடத் துணை ஆய்வாளருங்கதான். முதல் தற்சார்புச் சான்றிதழே எங்களுக்குத்தான்!"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெட்டி விழுந்த துண்டுத் துணியிலிருந்து ஒரு முழுச்சட்டை தேறும் என்று தெரிந்துகொண்டால் மட்டும் அவள் அப்படிப் பார்ப்பாள்.

"ஐயா, பதினாறு பேருக்கும் இடுப்பு பிரிச்சு விட ஒரு ஆள் குழுவுலயே இருந்தா வசதிதானே? அந்த ஆள் தரைத்தளத்துல இருந்தா, உங்களை மாதிரிப் பெரியவங்க சாப்பிட்ட வயித்தோட படி ஏற வேண்டாம் பாருங்க."

தலைமை ஆய்வாளர் யோசித்தார். அவர் யோசிக்க யோசிக்க இரண்டாவது பொத்தானும் போனது. அதற்குமேல் யோசிக்கவில்லை.

"குழு உறுப்பினர் இல்லங்கள் ஆய்வுக்கு உட்பட்டவை அல்ல" என்றார் கம்பீரமாக. "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?"

"முத்திரை குத்துறார்."

"நம்ம துறைக்குன்னே பெத்து விட்டிருக்காங்க!"

அன்று மாலையே நாங்கள் தற்சார்பு இல்லமானோம்.

ஆய்வுக்குப் போன முதல் வீட்டில் எனக்கு வெட்கமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீடு. அந்த அம்மாள் முகம் பார்க்காமல் தன் முள்ளங்கியை எடுத்துக் கொடுத்தார். நானும் சரியாக நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் முள்ளங்கி நன்றாக இருந்தது. இரண்டாவது வீட்டில் வெட்கம் பாதியானது. மூன்றாவது வீட்டில், "உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொன்னது யாரென்று பார்த்தால், நான்!

இப்போது எங்கள் பின்புறத்தில் புல்தான் மண்டிக் கிடக்கிறது. என் மனைவிக்குத் தலைக்கு மேல் வேலை. நான்காம் மாடி அக்கா, போஸ்ட் மாஸ்டர் (இரண்டு கையுமுள்ள சட்டையோடு), பிறகு கட்டடத்தில் மிச்சமிருந்த அத்தனை பேரும் குழுவில் சேர்ந்துவிட்டார்கள். நூற்றுக்கு நூறு தற்சார்புக் குடியிருப்பு என்று வாசலில் பலகை வைத்து, நாங்களே கைதட்டிக்கொண்டோம்.

ஒரே ஒரு சின்னக் குறைதான். இந்த வட்டாரத்தில் யாரும் எதையும் பயிர் செய்வதில்லை. எல்லோரும் ஆய்வாளர்கள். அதனால் கொஞ்சம் தள்ளியுள்ள பகுதிகளுக்கும் இயக்கத்தை விரிவுபடுத்தியிருக்கிறோம். போன வாரம் உங்கள் தெரு வழியாக வந்தபோது ஜன்னலில் ஒரு தொட்டி கண்ணில் பட்டது. மிளகாய்ச் செடிதானே? குறிப்பாளர் எழுதிக்கொண்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறோம், முப்பத்தெட்டுப் பேர். நீங்கள் எதற்கும் வெளியே போய்ச் சாப்பிட்டு வந்துவிடாதீர்கள், அது விதிக்குப் புறம்பானது.