நோபர்ட்டின் கல்யாணக் கோட்டு

கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பூசை முடிந்து வீட்டுக்கு வந்த நோபர்ட், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஒரு மகா தீர்மானம் எடுத்தார். வருகிற திருக்குடும்பத் திருவிழாவுக்குத் தன்னுடைய கல்யாணக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போவது.

மாத்தளைக் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. கிறிஸ்மஸ் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமான சோடிகளை வாசலில் நிறுத்துவார்கள். கல்யாணத்தன்று நடந்த மாதிரியே பீடம்வரைக்கும் கைகோத்து நடக்கவேண்டும். பங்குச் சனம் முழுவதும் திரும்பிப் பார்க்கும். எழுபத்திரண்டில் கட்டிய நோபர்ட்டுக்கும் லூசியாவுக்கும் அந்த வருஷம் முறை.

நோபர்ட் பலாபத்வலைக்கு அந்தப் பக்கம் ஒரு மிளகுத் தோட்டத்தில் ஸ்டோர் கிளாக்கர். மூட்டைகளை நிறுத்து நிறுத்தே தானும் ஒரு மூட்டையாகிவிட்டவர். டிரங்குப் பெட்டியைத் திறந்து, பாச்சை உருண்டை வாசனையோடு கோட்டை வெளியே எடுத்தார். கடும் நீலம். யானைக் காது மாதிரிக் கழுத்துப் பட்டி. கால்சட்டை பெல்பொட்டம், அதன் அடியில் ஒரு குடும்பம் மழைக்கு ஒதுங்கலாம். கைகள் இரண்டும் எப்படியோ நுழைந்துவிட்டன. முன்பக்கம்தான் ஒத்துழைக்கவில்லை. பொத்தான் ஒரு பக்கம், பொத்தான் துளை ஒரு பக்கம், பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி விலகி நின்றன.

லூசியா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அது உங்க கோட்டா, நம்ம பெரியவன் சின்னதுல புதுநன்மைக்குப் போட்டதா?"

"துணி பழசு. கொஞ்சம் சுருங்கிப் போச்சு."

"துணி சுருங்கல. உள்ள இருக்கிற ஆளு விரிஞ்சிட்டாரு."

"நீ மட்டும் என்னவாம்?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்று நோபர்ட் யோசித்தார். ஆனாலும் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு வைக்க மனமில்லை. "அதனாலதான் உனக்கு நானே ஒரு சேலை எடுத்து வச்சிருக்கேன். பாரு."

பொட்டலத்தைப் பிரித்தார். சாம்பல் நிறம். அதில் இன்னும் கொஞ்சம் சாம்பல் நிறத்தில் நெட்டுக் கோடுகள்.

"யாரு செத்தது?" என்றாள் லூசியா.

"பேப்பர்ல போட்டிருந்தான் புள்ள. உடம்பு போட்டவங்க மங்கின கலர்லதான் கட்டணுமாம். ஆளு இருக்கிறதே தெரியாதாம்."

"இருக்கிறதே தெரியக்கூடாதுன்னா நான் எதுக்குக் கோயிலுக்கு வரணும்? வீட்டுலயே இருந்துக்கிறேனே. நான் மாதுளம்பூ கலர்ல ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். இந்தா, இவ்வளவு அகலத்துல சரிகைக் கரை."

நோபர்ட் சாம்பல் சேலையைத் திரும்ப மடித்தார். விஷயம் இதுதான். அவருக்கு ஒரே ஒரு ஆசை. அந்தக் கோட்டோடு கோயில் நடுவில் நடக்கும்போது, ஒரு பத்து நிமிஷமாவது பழைய மாப்பிள்ளையாகத் தெரியவேண்டும். அந்த நாளில் அவர் வாசலில் வந்து நின்றபோது பெண்கள் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அது இன்னும் அவர் காதில் இருக்கிறது. பக்கத்தில் மாதுளம்பூ ஒன்று சரிகையோடு மலர்ந்துகொண்டு வந்தால் கோட்டை எவன் பார்ப்பான்?

"இந்த உடம்புக்கு மாதுளம்பூவா? சனம் சிரிக்கும் லூசியா."

லூசியா அகப்பையைக் கீழே வைத்தாள். அவள் அகப்பையைக் கீழே வைத்தால் பேச்சு முடிவுக்கு வருகிறது என்று அர்த்தம்.

"சரிங்க. அன்னிக்கு நீங்க இந்தக் கோட்டைப் பூட்டிக்கிட்டுக் கோயில் படி ஏறிட்டா, நான் இந்தச் சாம்பலையே கட்டிக்கிறேன். முடியலைன்னா நான் எதைக் கட்டினாலும் நீங்க வாயைத் தொறக்கக் கூடாது. பந்தயமா?"

"பந்தயம்! தந்திரம் ஒண்ணும் வேணாம். என் சொந்த வயித்தாலேயே ஜெயிச்சுக் காட்டுறேன் பாரு!"

அவருடைய சொந்த வயிறு அவரை அன்று சாயங்காலமே காட்டிக்கொடுத்தது. திருவருகைக் காலம் என்றால் ஒறுத்தல் காலம். நோன்பிருந்தே இளைத்துவிடலாம் என்பது நோபர்ட்டின் கணக்கு. ஆனால் அதே மாதத்தில்தான் லூசியா கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு அடுப்பு மூட்டுவாள் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். ஒரு நாள் கொக்கிஸ். ஒரு நாள் அதிரசம். முந்திரியும் திராட்சை வத்தலும் போட்ட கேக் ஒரு நாள். "உப்புச் சப்பு பார்த்துச் சொல்லுங்க" என்று தட்டு வரும். மனைவி கேட்கும்போது உதவாமல் இருப்பது பாவம் அல்லவா? உதவினார். மூன்றாம் ஞாயிறன்று யாரும் இல்லாத நேரம் பார்த்து மிளகுத் தராசில் ஏறி நின்றார். தராசு தட்டென்று இறங்கிய வேகத்தைப் பார்த்து அவருக்கே மலைப்பாக இருந்தது.

கடைசியில் தோட்டத்து இஞ்சின் டிரைவர் ஒஸ்வல்ட்டிடம் போய் நின்றார். ஒஸ்வல்ட் பக்கத்து வீட்டுக்காரர். எந்தப் பிரச்சினைக்கும் இயந்திரத்தில் விடை தேடுகிறவர். நோபர்ட்டின் வயிற்றைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கழித்துப் போட்ட மெசின் பெல்ட் ஒன்றை இழுத்து வந்தார். தடித்த ரப்பரும் கன்வசும்.

"மச்சான், இது இருபது குதிரை வலுவைத் தாங்கின பெல்ட்டு. உன் தொப்பையைத் தாங்காதா?"

வெட்டினார். இரண்டு முனையிலும் இரும்புக் கொக்கி அடித்தார். இழுத்து நிறுத்த ஒரு கம்பி முறுக்கிக் கொடுத்தார். சட்டைக்குள்ளே அதைப் பூட்டிக்கொண்டு நோபர்ட் வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டு, கோட்டைப் போட்டுப் பார்த்தார்.

பூட்டியது! இழுபறி இல்லாமல், பேச்சில்லாமல், வெண்ணெய் மாதிரிப் பூட்டியது. நோபர்ட் கண்ணாடிக்கு முன்னால் பிரமித்துப்போய் நின்றார். மூச்சு விடத்தான் முடியவில்லை. ஆனால் விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது என்று மனதுக்குள் ஒஸ்வல்ட்டைக் கும்பிட்டார்.

திருவிழாக் காலை. நோபர்ட் பூட்டிய கோட்டோடு வாசலில் வந்து நின்றார். லூசியா அவரை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய்ச் சாம்பல் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இவ்வளவு சுலபமாகத் தோற்பாள் என்று நோபர்ட் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்காரவும் முடியாமல், குனியவும் முடியாமல், கொடிக்கம்பம் மாதிரி நின்றபடியே வெற்றியை அனுபவித்தார்.

பஸ் பலாபத்வலையைத் தாண்டிச் சோதனைச் சாவடியில் நின்றது.

அது யுத்தம் நடந்த காலம், சாவடிகளில் எல்லாரும் இறங்கி நடக்கிற காலம். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அடையாள அட்டையைக் காட்டி, உடம்பைத் தடவவிட்டு, அந்தப் பக்கம் போய் பஸ்ஸில் ஏறவேண்டும். வருஷக்கணக்காகச் செய்து பழகிய காரியம். நோபர்ட்டும் பழக்கத்தில் இறங்கி, பழக்கத்தில் வரிசையில் நின்று, பழக்கத்தில் கைகளை விரித்தார். இளம் சிப்பாயின் கை அவர் இடுப்புக்கு வந்தது. தட்டியது. டொக் என்றது.

அப்போதுதான் நோபர்ட்டுக்குப் புரிந்தது. அடையாள அட்டையில் தமிழன். பெரிய கோட்டு. உள்ளே வயிற்றைச் சுற்றி ரப்பர், இரும்பு, கம்பி.

"அத் உஸ்ஸன்ன!"

கையைத் தூக்கு என்று சிங்களத்தில் கத்திய சிப்பாய் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான். வரிசை முழுவதும் தரையில் விழுந்தது. நோபர்ட் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். வாழ்நாள் முழுக்கப் பேசிய சிங்களத்தில் ஒரு சொல்கூட நாக்குக்கு வரவில்லை. தமிழும் வரவில்லை. "பெ... பெ..." என்றார். அந்த 'பெ' சிப்பாயை இன்னும் பயமுறுத்தியது.

பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி மட்டும் விழாமல் நடந்து வந்தாள்.

"எங்கே வாறாய்? நில்!" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கத்தினார்.

லூசியா நிற்கவில்லை. ஓடவும் இல்லை. சந்தைக்குப் போகிற நடைதான். கைப்பையைத் திறந்தபடி வீதியில் வைத்துவிட்டு, நல்ல சிங்களத்தில் பதில் சொன்னாள். "மஹத்தயா, அது குண்டு இல்லை. தொப்பை. இருபத்தஞ்சு வருஷமாச் சோறு போட்டு வளர்த்தவள் நான். எனக்குத் தெரியாதா?"

"கிட்டப் போகாதே! வெடித்தால் நீயும் போவாய்!"

"போனா ரெண்டு பேரும் சேர்ந்தே போறோம். இன்னிக்குத்தான் எங்களுக்கு ஜூபிலி."

வந்தே விட்டாள். நோபர்ட்டின் முன்னால் நின்று, கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். சட்டையைத் தூக்கினாள். அவர் காலையில் ஐந்து நிமிஷம் மல்லாடிய கொக்கியை ஒரே நெம்பில் தட்டிவிட்டாள். இருபது குதிரை வலுவைத் தாங்கிய பெல்ட் தார் ரோட்டில் தொப்பென்று விழுந்தது. அதற்குப் பின்னாலேயே வயிறும் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

சார்ஜன்ட் துவக்கின் முனையால் பெல்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இதை எதற்குக் கட்டியிருக்கிறான்?"

"அழகா இருக்கணுமாம்."

சார்ஜன்ட் தன் வயிற்றை ஒரு தரம் உள்ளே இழுத்துக்கொண்டார். முதலில் சிரித்தது அந்த இளம் சிப்பாய். பிறகு தரையில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சிரித்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் நோபர்ட்டைக் கல்லாக்கியது. லூசியா சட்டையை இறக்கிவிட்டு, கோட்டை இழுத்து, பொத்தான்களைத் திரும்பப் பூட்டினாள். பெல்ட் ரோட்டில் கிடக்கிறது. வயிறு முழுசாக வெளியே இருக்கிறது. கோட்டோ அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பூட்டி நிற்கிறது.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவருக்கு வாய் வந்தது.

"லூசியா... இது எப்படி?"

"ஒஸ்வல்ட் அண்ணன் பெல்ட்டு வெட்டப் போறாருன்னு அவரு பொண்டாட்டி டொறீன் வந்து சொன்னா. அதுக்கு முந்தியே கோட்டைத் தையக்கார ஸெய்னுலாப்தீன் நானாகிட்டக் குடுத்துட்டேன். ரெண்டு பக்கமும் பிரிச்சுத் துணி வச்சுத் தச்சுக் குடுத்தாரு."

"இந்தத் துணி இப்ப ஏது?"

"உங்க பெல்பொட்டம்தான். கீழே வெட்டி மேலே போட்டாச்சு."

நோபர்ட் குனிந்து பார்க்க முயன்றார். வயிற்றுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது பல வருஷமாக அவருக்குத் தெரியாத விஷயம். காலைத் தூக்கி முன் சீட்டில் வைத்துப் பார்த்தார். பெல்பொட்டம் சாதாரணக் காற்சட்டையாகிக் கிடந்தது.

"அப்ப பெல்ட்டு இல்லாமலே..."

"பெல்ட்டு இல்லாமலே ஜெயிச்சிருப்பீங்க. நேர்மையா ஒரு தரம் கோட்டைப் போட்டுப் பார்த்திருந்தா, நானும் சாம்பலோடயே கோயிலுக்குள்ள வந்திருப்பேன். சொந்த வயித்தாலன்னு சொன்னது யாரு? பெல்ட்டைக் கட்டினதால தோத்துட்டீங்க."

"நீ பண்ணினது மட்டும் தந்திரம் இல்லையா?"

"அது தையல்ங்க. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்கும்போது உங்க பொத்தான் தெறிச்சா எனக்குத் தாங்குமா?"

நோபர்ட் அவள் கையைப் பிடித்தார். கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. துவக்குக்கு முன்னால் சந்தைக்குப் போவதுபோல நடந்தவளுக்கு இப்போதுதான் பயப்பட நேரம் கிடைத்திருந்தது. மாத்தளை வரும்வரைக்கும் அந்தக் கையை விடவில்லை.

இறங்கியதும் லூசியா கோயில் பக்கம் திரும்பவில்லை. பக்கத்துத் தெருவில் ஸெய்னுலாப்தீன் வீட்டுக்குள் நுழைந்தாள். தையற்காரரின் மனைவி றமீஸா, எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பந்தயம் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார் நோபர்ட்.

"ரெண்டு கிழமைக்கு முந்தியே சேலைக்குச் சட்டையும் தச்சாச்சு" என்றாள் றமீஸா. "நீங்க எப்படியும் தோப்பீங்கன்னு லூசியா சொன்னாங்க."

லூசியா சேலை மாற்றி வரும்வரைக்கும் நோபர்ட் அறை வாசலில் நின்றார். கதவு திறந்தது.

மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் வீதியில் திரும்பும்போது, மாத்தளையில் எந்தக் கிறிஸ்தவ வேதக்காரனும் கையிலிருக்கிற வேலையை விட்டு நிமிர்ந்து பார்ப்பான். நோபர்ட் அப்படித்தான் பார்த்தார். மாதுளம்பூ நிறம் முகத்துக்கு ஏறியிருந்தது. அந்த அகலக் கரை அவள் அகலத்துக்கென்றே நெய்த மாதிரி விழுந்திருந்தது. மறைப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஒல்லியாக இருந்த மணப்பெண் லூசியாவுக்கு இந்தச் சேலையைச் சுமக்கும் தெம்பு இருந்திருக்காது. இவ்வளவு பெரிய அழகோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேப்பரில் நெட்டுக் கோடு தேடினேனே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை வாய்விட்டே சொன்னார்.

"நீ... நல்லா இருக்க லூசியா."

"தெரியும். நடங்க, நேரமாகுது."

கோயிலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அது தன் கோட்டுக்கு இல்லை என்பது நோபர்ட்டுக்குத் தெரியும். கவலைப்படவில்லை. கோட்டை மறந்து அவரும் பக்கத்தில் வருகிறவளையே பார்த்துக்கொண்டு நடந்ததில், பீடத்துப் படியில் தடுக்கினார். பங்குச் சுவாமி "இவரை இன்னும் ஏற்றுக்கொள்கிறீரா?" என்று கேட்டபோது லூசியா உரக்க "ஏற்றுக்கொள்கிறேன்" என்றாள். நோபர்ட்டின் கண் கலங்கியது.

திரும்பும்போதும் சாவடியில் இறங்கி நடக்கத்தான் வேண்டும். அதே இளம் சிப்பாய். மாதுளம்பூ சேலையைக் கண்டதும் அவன் நிமிர்ந்து நின்று சலூட் அடித்தான். பையைத் திறக்கக்கூடக் கேட்கவில்லை. பிறகு பின்னால் வந்த கோட்டைப் பார்த்தான்.

"நோனா, இவர்தானா மாப்பிள்ளை?" என்று லூசியாவைக் கேட்டான்.

மாப்பிள்ளை! நோபர்ட் நெஞ்சை நிமிர்த்தினார். லூசியா நின்று, திரும்பி, அவரை ஆற அமரத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள்.

"அதை இன்னும் முடிவு பண்ணல மஹத்தயா. நீங்க முதல்ல நல்லாச் சோதிச்சுப் பாருங்க."