இரண்டு ராகுகாலம்

"மலை மேல கையி காலெல்லாம் வெறச்சுப் போயிரும். வெறும் துண்டைப் போத்திக்கிட்டுப் போனா புள்ளைக்கு ஜன்னி கண்டுரும்" என்றாள் குணவதி.

அய்யாவு வீட்டிலிருந்த துணிமணிகளை ஒருமுறை கண்ணால் எண்ணிப் பார்த்தான். அவனுக்கு ஒரு வேட்டி. குணவதிக்கு ஒன்றரைப் புடவை. எட்டு வயது அழகம்மாவுக்குக் கோணிச்சாக்கில் தைத்த ஒரு கவுன். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பக்கத்து ஊர் பீடோங் கடைகளில் துணி என்று கேட்டாலே சிரித்தார்கள். இந்த லட்சணத்தில் அவன் நாலு நாளில் குடும்பத்தோடு குளிர் மலைக்கு உல்லாசமாகப் போகவேண்டும்.

விஷயம் இதுதான். அன்று காலை ரப்பர்த் தோட்டத்துப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும்போது, கணக்கெழுதும் கிராணி தர்மலிங்கம் ஒரு காகிதத்தைப் படித்தார். நன்றாக உழைக்கும் ஐந்து குடும்பங்களை ஜப்பான் துரை தேர்ந்தெடுத்திருக்கிறார். வெள்ளைக்காரத் துரைமார்கள் வெயில் காலத்தில் போய்த் தங்குவார்களே, குனோங் ஜெராய் மலை பங்களா, அங்கே ஒரு வாரம் ஓய்வு. மூன்று வேளையும் அரிசிச் சோறு. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு சிம்பாங்கு முச்சந்தியில் லாரி நிற்கும். பங்களா வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும்.

மற்ற நாலு பேரும் முழித்துக்கொண்டு நின்றார்கள். அய்யாவு அழுதுவிட்டான்.

நன்றி சொல்வதில் அய்யாவுக்கு ஈடு கிடையாது. குரைக்காத நாய்க்குக்கூட இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அந்த இடத்தைக் கடப்பான். அன்றைக்கு அவன் குனிந்த வேகத்தில் நெற்றி செம்மண்ணில் பட்டது. ஜப்பான் துரைக்குப் பரம திருப்தி. ஐந்து குடும்பத்தின் பெயரும் எழுதி முத்திரைச் சாப்புக் குத்திய சூராட்டுக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். அந்தக் காகிதம் இல்லாமல் யாரும் லாரி ஏற முடியாது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று அப்போது தோட்டத்துக்குத் தோட்டம் பேச்சு. போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்பதும் பேச்சு. ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவனான பக்கத்து வீட்டு முனியாண்டி சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

"சயாமுன்னு சொல்லியிருந்தா நான் இந்நேரம் காட்டுக்குள்ள ஓடியிருப்பேன் அண்ணே. இது ஜெராய் மலைலா. இந்தா, வாசல்ல நின்னா தெரியுது!"

அய்யாவுக்கு மலையைவிடச் சோறுதான் முக்கியம். மலேரியாவில் கிடந்து எழுந்த அழகம்மா எலும்பும் தோலுமாக இருந்தாள். மரவள்ளிக் கிழங்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வாரம் சோறும் நல்ல காற்றும் கிடைத்தால் பிள்ளை தேறிவிடும். அந்த ஆசையில்தான் அவன் வீட்டுக்கு ஓடிவந்து விஷயத்தைக் கொட்டினான்.

குணவதி வாசலுக்கு வந்து மலையை ஒருமுறை பார்த்தாள்.

"லாரியிலயா?"

"லாரியிலதான்! ஒரு அடி நடக்க வேணாம்!"

"பங்களா வாசல் வரைக்குமா?"

"வாசல் வரைக்கும்னு கிராணி சொல்றாரு புள்ள!"

"சரி" என்றாள். அதற்குப் பிறகுதான் குளிரைப் பற்றி ஆரம்பித்தாள்.

"நீ என்ன, போய்ப் பாத்தவ மாதிரி சொல்ற?" என்று அய்யாவு சிரித்தான். அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் வேறொரு தோட்டத்தில் துரை வீட்டில் பிள்ளை பார்த்தவள் அவள். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அந்த வீட்டில் பேசுகிறவன் அவன், கேட்கிறவள் அவள். அவள் ஏதாவது சொன்னாலும் அது அவனிடம் தங்காது. காலையில் மனைவி சொன்னது மத்தியானத்துக்குள் கிராணியின் காதில் விழுந்துவிடும். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பேச்சு கொடுத்தவர்களுக்கு நன்றியாக அவனிடம் திருப்பிக் கொடுக்க வேறு என்ன இருந்தது?

குளிருக்கு அய்யாவு ஒரு வழி கண்டுபிடித்தான். துணிதான் இல்லையே தவிர, ரப்பர்ப் பால் வாளி வாளியாக இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. கோணிச்சாக்கில் கைக்கு இரண்டு ஓட்டை போட்டு, பாலை மேலே பூசிக் காயவைத்தால் காற்றும் புகாது, மழையும் புகாது. யோசனை பிரமாதம். அளவு சரியா என்று பார்க்க, காய்வதற்கு முன்னாலேயே போட்டுப் பார்த்ததுதான் தப்பு. சாக்கின் கண் வழியாகப் பால் உள்ளே இறங்கி நெஞ்சோடு உறைந்துவிட்டது.

முனியாண்டி ஒரு பக்கமும் குணவதி ஒரு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். கோட்டு வந்தது. நெஞ்சு முடியும் கூடவே வந்தது.

"ரொம்ப நன்றி தம்பி" என்றான் அய்யாவு, கண்ணில் நீரோடு.

அதைப் பார்த்தும்கூட முனியாண்டி தனக்கொரு கோட்டு வேண்டுமென்றான். அவனுக்கென்றதும் மற்ற மூன்று குடும்பமும் வந்து நின்றது. சனிக்கிழமைக்குள் லயத்து வீடுகளில் ஒரு சாக்கு மிச்சமில்லை. சாக்கு இல்லாததால் சாமான் கட்ட வழியில்லை. சாமானோ ஏறிக்கொண்டே போனது.

ஏனென்றால் குணவதி அம்மியைக் கட்டினாள். மண்வெட்டியைக் கட்டினாள். நாலு கோழியின் காலைக் கட்டினாள். ஒரு கத்தை மரவள்ளிக் குச்சியைக் கட்டும்போதுதான் அய்யாவு வாயைத் திறந்தான்.

"ஒரு வாரத்துக்குப் போறோம் புள்ள. மரவள்ளியை நட்டு எப்ப பிடுங்குவ?"

"மலை மண்ணுல நல்லா வரும்."

"அதான் சோறு போடுறாங்களே!"

"போட்டா நல்லதுதானே" என்று முடிச்சை இறுக்கினாள்.

இதற்காக அவன் ஸ்டோரில் கெஞ்சி ஒரு தள்ளுவண்டி வாங்கிவந்தான். வண்டி இருக்கிறதே என்று மற்றவர்களும் குணவதியைப் பார்த்து அம்மி கட்டினார்கள். வண்டி முதல் அம்மியிலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை குணவதி அடுத்ததைக் கிளப்பினாள்.

"நாளைக்குத் திங்கள். ஏழரைக்கு மேல ராகுகாலம். நோவுல கெடந்து எழுந்த புள்ளையைக் கூட்டிக்கிட்டு ராகுகாலத்துல படி தாண்ட மாட்டேன்."

"அவ்வளவுதானே? ஏழு மணிக்கே கெளம்புவோம்!"

"சிம்பாங்கு கெழக்க. திங்கக்கெழமை சூலமும் கெழக்க. தயிர் சாப்பிடாம கெளம்பக் கூடாது."

ஜப்பான் ராஜ்யத்தில் தயிருக்கு எங்கே போவது? திங்கட்கிழமை விடிவதற்கு முன்னாலேயே அய்யாவு தோட்டத்துக் கோடியில் இருந்த மாட்டுக்கார ராமையா வீட்டுக்கு ஓடினான். மோர்தான் இருந்தது. கொண்டுவந்தான்.

"தயிருன்னா தயிரு. மோருக்குச் சூலம் பாதிதான் வெலகும்" என்றாள்.

மறுபடி ஓடினான். ராமையா சட்டியைச் சுரண்டி ஒரு கரண்டி தயிர் தேற்றிக் கொடுத்தார். அய்யாவு அவருக்கு நன்றி சொல்லி, மாட்டுக்கும் நன்றி சொல்லி, கையில் சிரட்டையோடு திரும்பி வரும்போது ஆபீஸ் மணி ஏழரை அடித்தது.

"ராகுகாலம் ஆரம்பிச்சுருச்சு" என்றாள் குணவதி.

முனியாண்டி மடியிலிருந்து பழைய கடிகாரத்தை எடுத்தான். அதை அவன் ஜப்பான்காரனுக்குப் பயந்து வெளியே காட்டுவதில்லை. "எங்க ஆரம்பிச்சுச்சு? இதுல ஆறு மணிதான் ஆவுது!"

அங்கேதான் சிக்கல். ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி தோக்கியோ நேரம் என்று வைத்துவிட்டான். ஆபீஸ் மணிக்கு ஏழரை என்றால் சூரியனுக்கு ஆறு. ராகு எந்தக் கடிகாரத்தைப் பார்த்து வருகிறார்?

"சூரியனைப் பாத்துத்தான் வருவாரு. இப்பவே கெளம்பலாம்லா!" என்றான் முனியாண்டி.

"அதைக் கிராணி சொல்லட்டும்" என்றாள் குணவதி.

அய்யாவு கிராணி வீட்டுக்கு ஓடினான். தர்மலிங்கம் குளித்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் ஈரத்தோடு வெளியே வந்தார்.

"தோக்கியோ நேரந்தான்யா சட்டம்! பழைய நேரம்னு வாயத் தெறந்தா எனக்கும் அறை, உனக்கும் அறை. ராகுவா இருந்தாலும் அதுதான். போ!"

அய்யாவு அதை அப்படியே மனைவியிடம் வந்து ஒப்பித்தான்.

"பாத்தீங்களா? ஒம்பது வரைக்கும் உக்காருங்க" என்றாள்.

சூராட்டு, சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. ராகுகாலத்தில் அதைத் தொடவிடமாட்டேன் என்று படத்துக்கு முன்னாலேயே குணவதி உட்கார்ந்துவிட்டாள். காகிதம் இல்லாமல் மற்ற நாலு குடும்பமும் போய்ப் பயனில்லை. சித்திரைப் புழுக்கத்தில் ரப்பர் கோட்டுப் போட்ட இருபது பேர் லயத்து வாசலில் வேர்த்துக் கொட்டினார்கள். புளித்த பால் நாற்றத்தில் கோழிகளே அடங்கிக் கிடந்தன.

ஒருவழியாக மணி ஒன்பது அடித்தது. அய்யாவு துள்ளி எழுந்தான்.

"ஓடிப் போனா பிடிச்சிரலாம்! எடு புள்ள சூராட்டை!"

குணவதி முனியாண்டியிடம் கேட்டாள். "தம்பி, உங்க கடிகாரத்துல மணி என்ன?"

"ஏழரை அக்கா..." என்று சொல்லும்போதே முனியாண்டியின் முகம் தொங்கிப்போனது.

"அப்ப சாமியோட ராகுகாலம் இப்பதான் தொடங்குது. ராஜாங்கத்துக்குப் பயந்து ஒன்னரை மணி நேரம் உக்காந்தோம். சாமிக்குப் பயப்பட வேணாமா?"

எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். சாமிக்குப் பயப்படவேண்டாம் என்று அந்த லயத்தில் யார் சொல்வது?

பத்தரை மணிக்கு ஐந்து குடும்பமும் புறப்பட்டது. மூன்று மைல். தள்ளுவண்டியின் சக்கரம் இரண்டு முறை கழன்றது. சிம்பாங்குக்கு வந்து பார்த்தால் மண்ணில் லாரித் தடமும் நாலைந்து சிகரெட் துண்டும்தான் இருந்தன.

அய்யாவு நடு ரோட்டில் உட்கார்ந்து அழுதான். "எவ்வளவு நன்றி சொன்னேன்! எல்லாம் போச்சே! புள்ளைக்குச் சோறு போச்சே! உன் ராகுவால வந்த வினை!"

குணவதி திட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "திரும்பிப் போனா ஜப்பான் துரை தோலை உரிச்சுருவான். மூட்டை கட்டினது கட்டினதுதான். முனியாண்டித் தம்பி, உங்க மச்சான் ஜித்ராவிலதானே இருக்காரு? அங்க போங்க. மத்தவங்களும் சொந்தம் இருக்கிற பக்கமாப் போயிருங்க. கொஞ்ச நாளைக்குத் தோட்டத்துப் பக்கம் தலை காட்டாதீங்க."

"நாம?"

"மலை மேலதானே லாரி போச்சு? நாம அடிவாரத்துக்குப் போவோம். யான்ங்கிற ஊருல ஒரு கடை எனக்குத் தெரியும். துரை வீட்டுக்கு ரொட்டி கொடுத்த கடை."

மலையைச் சுற்றிக்கொண்டு மூவரும் யான் ஊருக்கு வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. பாதி வழி நடை, பாதி வழி ஒரு மலாய்க்காரரின் மாட்டுவண்டி. அவருக்குச் சொன்ன நன்றியில் மனிதர் கூச்சப்பட்டு வண்டியை வேகமாக ஓட்டிவிட்டார்.

கடைக்காரர் பஷீர் நாநா ஒன்றும் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையைக் காட்டினார். ஊரைச் சுற்றி வயல். முதல் நாளே அழகம்மாவுக்குச் சோறு கிடைத்தது. கொஞ்சம்தான், கருவாட்டுக் குழம்போடு. தட்டை வழித்து நக்கிவிட்டு அவள், "இன்னும் இருக்கா?" என்று கேட்டபோது அய்யாவு வெளியே போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு மரவள்ளிக் குச்சிகள் நடப்பட்டன. அம்மிக்கு ஓர் இடம் கிடைத்தது. மண்வெட்டியோடு அய்யாவு வயல் வேலைக்குப் போனான். சாயங்காலம் மலையிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கும்போது, லாரியை நினைத்துத்தான் ஒரு பெருமூச்சு விடுவான்.

இரண்டு வாரம் கழித்து பஷீர் நாநா பீடோங் போய்த் திரும்பினார். சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே அவனிடம் வந்தார்.

"தம்பி, அந்த லாரி மலைக்குப் போகல. நேரா சுங்கை பட்டாணி ஸ்டேஷனுக்குப் போயிருக்கு. அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க நெறைய அதுல. கூட்ஸ் ரயில்ல ஏத்தி சயாமுக்கு அனுப்பிட்டானுங்க. பொம்பளை, புள்ளைங்களோட."

அய்யாவு கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்தான். போனவர்களில் எத்தனை முகங்கள் தனக்குத் தெரிந்தவை என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. பிறகு எழுந்தான். கடையிலிருந்து ஒரு தேங்காயை இரண்டு கையாலும் எடுத்தான்.

"நாநா, இதைக் கொடுங்க. ராகு பகவானுக்கு ஒடைக்கணும். ஒன்னுக்கு ரெண்டு ராகுகாலமா வந்து அஞ்சு குடும்பத்தைக் காப்பாத்தினாரே! அவரைத் திட்டினேனே பாவி! இந்த மலைக்குப் போகாது அந்த லாரின்னு அவருக்குத்தானே தெரிஞ்சிருக்கு!"

பஷீர் நாநா கொட்டகைப் பக்கம் பார்த்தார். குணவதி குனிந்து மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"ராகுவுக்கு என்ன தம்பி தெரியும்? இந்த மலைக்கு லாரி ஏறுற ரோடே கெடையாது. மூணு வருஷம் துரைசானி புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு அந்த ஒத்தையடிப் பாதையில நடந்தே ஏறி எறங்குனது உங்க பொஞ்சாதிதானே!"