நூத்தெட்டில் ஒன்று

"மேற்கோள் நூத்தெட்டு இருக்கு சார். ஆனா கட்டுரையைச் சேர்ந்து எழுதின கூட்டாளிங்க ரெண்டே பேர். பேராசிரியர் பதவிக்கு விதிப்படி பத்துப் பேர் வேணுமே," என்றார் நூலகர் அம்மாள், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இணைப்பேராசிரியருக்குச் சுருக்கென்றது. நூற்றெட்டுக் கட்டுரைகளில் தன்னை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டதில், கணினித் துறையில் அவர் பெயரே 'நூத்தெட்டு' ஆகிவிட்டது. இந்த மாதத்தோடு வயது வரம்பு முடிகிறது. இப்போது பேராசிரியர் ஆகாவிட்டால் அவ்வளவுதான். மனைவியோ அவசரப்பட்டு 'பேராசிரியர்' என்று பலகை செய்து வாசலில் மாட்டியே விட்டாள்.

"நீங்க எண்ணிச் சொன்னாப் போதும்மா. ஆராய்ச்சியெல்லாம் எங்களுக்குத் தெரியும்," என்று முறைத்துவிட்டுப் போனார்.

ஆமாம், பெரிய ஆராய்ச்சி! கூடப் படித்த எட்டுப் பேர் வெவ்வேறு கல்லூரிகளில் இருந்தார்கள். அவர்கள் இவரை மேற்கோள் காட்டுவார்கள், இவர் அவர்களைக் காட்டுவார். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் படித்துத் தொலைத்ததே இல்லை.

அந்த எட்டுப் பேருக்கே போன் போட்டார்.

"புதுக் கட்டுரைடா. உன் பேரையும் சேர்த்துக்கட்டுமா?"

"தாராளமா!" என்றான் ஒவ்வொருவனும். எதைப் பற்றிய கட்டுரை என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. எதைக் கொடுத்தாலும் போடும் இணையப் பத்திரிகை ஒன்று மூன்றே நாளில் போட்டும் விட்டது.

நூலகர் மறுபடி எண்ணினார். "கூட்டாளிங்க பத்து. சரியா வந்துடுச்சு. மேற்கோள்தான்..."

"அதுக்கென்ன?"

"கூட்டாளிங்க காட்டின மேற்கோள் செல்லாது சார். நூத்தேழு போயிடுச்சு."

அவர் தன் அறைக்கு ஓடினார். கட்டுரையைத் தூக்கிவிடுங்கள் என்று பத்திரிகைக்கு எழுதினார். தூக்கினார்கள். தூக்கிய இடத்தில் 'எழுதியவருக்கே நம்பிக்கை இல்லாததால் நீக்கம்' என்று சிவப்பு எழுத்தில் போட்டார்கள். எட்டுப் பேரும் வரிசையாகப் போனில் கிழித்தார்கள்.

"என் பதவி உயர்வுக்கு அதைத்தான்டா காட்டியிருக்கேன், துரோகி!"

நடுவில் மனைவி வேறு. "என்னங்க, எங்கண்ணன் வந்திருக்கான். பலகையைப் பார்த்துட்டு வாயடைச்சு நிக்கறான்!"

"நிக்கட்டும்," என்று போனை வைத்துவிட்டு நூலகத்துக்கு ஓடினார். "இப்பப் பாரும்மா."

"கூட்டாளிங்க மறுபடி ரெண்டு. மேற்கோள் ஒண்ணு."

"கட்டுரையைத்தான் எடுத்தாச்சே! நூத்தேழும் திரும்பி வரணுமில்ல?"

"எடுத்த கட்டுரை கணக்குல வராது. ஆனா நீங்க எல்லாம் ஒரே கூட்டம்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சே சார்."

தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லாம் போயிற்று. ஆனாலும் ஒரு நப்பாசை எழுந்தது.

"அந்த ஒண்ணு மட்டும் எப்படிம்மா நிக்குது?"

"அது கூட்டாளி இல்லாத ஆள். உங்க கட்டுரை ஒவ்வொண்ணையும் வரி விடாமப் படிச்சு எழுதியிருக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு ஜீவன் படித்திருக்கிறதே!

"யாரும்மா அந்தப் புண்ணியவான்? கையெடுத்துக் கும்பிடணும்."

"நான்தான் சார்," என்றார் நூலகர். "'படிக்காமலே மேற்கோள் மாற்றிக்கொள்ளும் கும்பல்கள்'னு ஒரு ஆராய்ச்சி பண்ணினேன், முதல் உதாரணமே நீங்கதான், அதுக்கு இதுவரைக்கும் முந்நூறு மேற்கோள் வந்திருக்கு."