கோச்சடை கோர்ட்டும் நீலக் கம்பமும்

புகார் கொடுப்பவர், விசாரிப்பவர், தீர்ப்புச் சொல்பவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கும் கோர்ட்டைப் பார்க்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் கோச்சடை கண்ணுச்சாமி வீட்டுக்கு வாருங்கள். நாட்டில் பாதி வீடுகளில் நடப்பது இந்தக் கோர்ட்டுதான். பெயர்ப்பலகை மட்டும் கிடையாது.

கண்ணுச்சாமி வக்கீல் குமாஸ்தா. வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் 'சம்பவம்' என்பார். அன்றைய சம்பவம், ஸ்கூட்டரின் மட்கார்டு நசுங்கிக் கிடந்தது. நசுக்கியவர் சாட்சாத் அவரேதான். சனிக்கிழமை மதியம் சீனியர் ஆபீஸுக்கு என்று கிளம்பியவர், நாகமலை ரோட்டில் ஒரு கிடா விருந்துக்குப் போய், உண்ட மயக்கத்தில் பந்தல் கம்பத்தில் முட்டிவிட்டார். அதுவும் கையில் காப்போடு! அய்யனார் கோயில் திருவிழாவுக்கு அவர் அம்மா முத்துத்தாய் கட்டிவிட்ட மஞ்சள் காப்பு. அது கையில் இருக்கிறவரை கறி வாசமே ஆகாது.

நல்லவேளை, சாயங்காலம் மனைவி பாண்டீஸ்வரி அதே வண்டியில் நாகமலை புதுக்கோட்டை போய்வந்தாள். திங்கட்கிழமை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையில் சேர வேண்டும். வழி பார்க்கப் போனாள். பழியை அவள்மேல் போட்டால் கறியும் மறையும், தனக்குப் பிடிக்காத அந்த வேலையும் நிற்கும். கண்ணுச்சாமிக்குத் தன் மூளையை நினைத்துப் புல்லரித்தது.

"வண்டிச் சாவி பறிமுதல்!"

"நான் எடுக்கும்போதே நசுங்கித்தாங்க இருந்துச்சு."

"எல்லாக் குற்றவாளியும் இதத்தான் சொல்லுவான்."

"இன்னும் குற்றம் சாட்டப்பட்டவதான். நிரூபிச்ச பெறகு குற்றவாளிங்க. பதினெட்டு வருசமா கோர்ட்டுக்குப் போறீக, இம்புட்டு தெரியாதா?"

சுருக்கென்றது.

"சரி, எழுத்துல புகார் குடுங்க. சம்பவ இடம், நேரம், சாட்சி எல்லாம் இருக்கணும். இல்லாட்டி நிக்காது."

யாரிடம் சொல்கிறாள்? கண்ணுச்சாமி எழுதிய புகார் இதுவரை நிற்காமல் போனதுண்டா? பேனாவைத் திறந்தார். நேரம், மாலை ஐந்து.

"மட்கார்டுல நீலப் பெயிண்ட் ஒட்டியிருக்கே. இந்தத் தடயம் எங்கேருந்து வந்துச்சு?"

"எனக்கா தெரியாது? நாகமலை ரோட்டுக் கிடா விருந்துப் பந்தல், தெக்கு மூலை நீலக் கம்பம்!" எழுதினார்.

"அம்புட்டு துல்லியமா! நேருல கண்ட சாட்சி யாரு?"

சாட்சி இல்லாத புகாரா? தொழில் ரோஷம் பொங்கியது.

"நானே! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!" எழுதிக் கையெழுத்தும் போட்டார். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சமீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாண்டீஸ்வரி தாளை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்.

"இப்ப குறுக்கு விசாரணை. காப்புக் கட்டுன மனுசனுக்குக் கிடா விருந்துப் பந்தல்ல என்ன சோலி?"

கண்ணுச்சாமி காப்புக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"சும்மா... அந்தப் பக்கமா..."

"பார்த்தது நெசம்னா காப்பு தீட்டு. பார்க்கலைன்னா பொய்ச்சாட்சி. எது வேணும்?"

"அண்ணே, நான் வேணா சாட்சிக் கையெழுத்துப் போடவா?" என்றாள் சமீனா.

பாண்டீஸ்வரி போனை எடுத்தாள். "மேல்முறையீட்டுக்கு அத்தையக் கூப்பிடுறேன். எடுத்துட்டாக... அத்தை, நல்லாருக்கீகளா?"

கண்ணுச்சாமி சாவியை நீட்டினார். இரண்டு கையாலும்.

"ஒண்ணுமில்ல அத்தை, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று போனை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "நிபந்தனை ஜாமீன். திருவிழா முடியிறவரைக்கும் தினமும் காலையில ஆறு மணிக்கு அடுப்படியில ஆஜராகணும்."

திங்கட்கிழமை, ஸ்கூட்டர் நாகமலைப் பக்கம் பறந்தது. கூட்டம் பிதுங்கிய டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்த கண்ணுச்சாமியின் போன் சிணுங்கியது. மனைவியிடமிருந்து செய்தி:

"டிபன் பாக்ஸ் திறந்தேன். சட்னியில உப்பு இல்ல. அடுத்த வாய்தா, நாளைக்கு அஞ்சரை மணி."