ஐந்தாவது நன்றி

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர் அன்செல்மோ. அவர் மனைவி எலிதா. எலிதாவின் தங்கை ஸுல்மா. அடுத்த வீட்டு ரூபென். ஒரு நாயும் இருந்தது. அதற்குப் பொரித்த பண்டம் ஆகாது என்பதால் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

வெளியே மழை. மழை பெய்தால் மொந்தேவிதேயோ நகரில் தோர்த்தா பொரிக்காத வீடு கிடையாது. மாவை வட்டமாகத் தட்டி, நடுவில் ஒரு துளை போட்டு, கொழுப்பில் பொரித்து, மேலே சர்க்கரை தூவுவார்கள். எலிதா பதினாறு பொரித்திருந்தாள். தலைக்கு நான்கு.

நால்வரும் கூடியது தோர்த்தாவுக்காக மட்டும் அல்ல, ‘கோட்டைக்குள் அறுவர்’ தொடரின் கடைசிப் பகுதிக்காகவும்தான். இணையத்தில் சேர்ந்து விளையாடும் ஆறு பேரின் கதை அது. ஒருவருக்கொருவர் குரல் தெரியும், முகம் தெரியாது. கணினிக்குள் டிராகனைக் கொல்வார்கள். எழுந்து வந்து பார்த்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும். இரண்டு தெரு தள்ளி, ஒரு மெக்கானிக் கொட்டகையில் சில இளைஞர்கள் தாங்களாகவே எடுத்து இணையத்தில் போடுவது. ரூபென் இரவல் கொடுத்த சிவப்பு நாற்காலி முதல் பகுதியிலிருந்தே அதில் நடித்து வந்தது. நாற்காலியைப் பார்க்க உட்கார்ந்தவர்கள், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

நான்காம் பகுதியை எலிதா முன்னாலேயே பார்த்துவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்கும்போது முடிவைச் சொல்லிவிட்டாள். அன்று அன்செல்மோ ஒரு சட்டம் போட்டார். தம் கையாலேயே எழுதிக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டினார். “புதுப் பகுதியை நால்வரும் சேர்ந்தே பார்க்க வேண்டும். முன்கூட்டிப் பார்த்தவருக்கு அன்றைய தோர்த்தா கிடையாது.” கீழே நான்கு கையெழுத்து.

கடைசிப் பகுதி வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. ஞாயிறு வரை இரண்டு நாள் இருந்தது. அன்செல்மோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சட்டம் போட்டவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். தாழ் போட்டார். ஹெட்போனைக் காதில் மாட்டினார். சத்தம் குறைவாக இருக்கிறதே என்று கடைசிக் கோடு வரை ஏற்றினார். பன்னிரண்டு நிமிடம். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு பதினொரு தடவை சிரித்தார். எண்ணிக்கொண்டேதான் சிரித்தார். முப்பத்தெட்டு வருடம் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து தலை எண்ணியவர். எண்ணாமல் அவருக்கு எதுவும் வராது.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு திட்டமும் வைத்திருந்தார். எலிதா சிரித்த பிறகு சிரிப்பது. முந்தாமல் இருந்தால் நான்கு தோர்த்தாவும் பிழைக்கும், மரியாதையும் பிழைக்கும்.

ரூபென் தொலைக்காட்சியில் கம்பியைச் சொருகிக்கொண்டிருந்தார். எலிதா, ஒரே குடுவையில் ஊற்றி ஆள் மாற்றி ஆள் சுற்றிக் கொடுக்கும் மாத்தே என்ற கசப்புத் தேநீருக்கு வெந்நீர் ஊற்றியபடி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

“இன்னைக்கு ஆறு பேரும் நேர்ல சந்திக்கிறாங்களாம். அந்த மத்ரீத்காரன் இருக்கானே, நம்ம ஊருக்குப் புதுசு, மாத்தே குடுக்கிறப்பெல்லாம் மரியாதைக்கு ‘நன்றி’ன்னு சொல்லிடறானாம்.”

“ஐயோ பாவம்,” என்றாள் ஸுல்மா. “நன்றின்னா போதும்னு அர்த்தம்னு அவனுக்கு யாரும் சொல்லலையா? அப்புறம் சுத்து அவன்கிட்ட வரவே வராதே.”

“வரலையாம். தொண்டை காஞ்சு உக்காந்திருக்கான். அப்படியும் மூணு தடவை சொல்றானாம்.”

“நாலு தடவை,” என்றார் அன்செல்மோ.

எலிதா வெந்நீர் ஊற்றுவதை நிறுத்தினாள்.

“என்ன கிழவா சொன்னே?”

“ஒண்ணுமில்லை. ஒரு ஊகம்.”

“ஊகத்துல எண்ணிக்கை கூடவா வரும், அத்தான்?”

அன்செல்மோ சட்டென்று திருப்பிப் போட்டார். “மூணுன்னு இவளுக்கு எப்படித் தெரியும்? அதைக் கேளு. இவளும் பார்த்திருக்கா.”

“நான் எங்கே பார்த்தேன்? கேட்டேன்.”

“யார்கிட்டே கேட்டே?”

“குளியலறைக் கதவுகிட்டே. ஹெட்போனைக் காதுல மாட்டினா போதுமா? போனோட சேர்க்க வேண்டாமா? தெரு முழுக்க டிராகன் கத்துது. நானும் ஸுல்மாவும் நடையில ஸ்டூல் போட்டு உக்காந்து முழுசும் கேட்டோம்.”

“அதுவும் குத்தம்தானே? ரூபென், நீங்களே சொல்லுங்க.”

ரூபென் எழுந்து போய்க் குளிர்பெட்டியிலிருந்த காகிதத்தைப் பிரித்து எடுத்து வந்தார். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

“பார்க்கக்கூடாதுன்னுதான் போட்டிருக்கு, பெரியவரே. கேட்கக்கூடாதுன்னு இல்லை. கையெழுத்து உங்களோடது.”

அன்செல்மோவுக்குக் கடைசியாக ஒரு பிடி கிடைத்தது. “கேட்டவ ஒழுங்கா எண்ணினாளா? மூணுன்னு சொன்னாளே.”

“நாலுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் ஒண்ணைக் குறைச்சேன். சரியாச் சொன்னா நீ வாயைத் திறப்பியா?”

நாற்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவளிடம் இதற்குமேல் வழக்காட முடியாது. அவருடைய நான்கு தோர்த்தாவை மற்ற மூவருக்கும் பங்கு வைத்தார்கள். ஆளுக்கு ஒன்று போக, ஒன்று தட்டில் நின்றது.

படம் ஓடியது. இனி நடிக்க வேண்டியதில்லை என்பதால் அன்செல்மோ ஒவ்வொரு சிரிப்பையும் ஒரு நொடி முந்திச் சிரித்தார். “சும்மா இருங்க அத்தான், வருது வருது,” என்று ஸுல்மா தொடையில் அடித்தாள். கேட்டதுதான் என்றாலும் அந்த மத்ரீத்காரன் முகம் அவர்களுக்குப் புதிது. மாத்தே தன்னைத் தாண்டிப் போவதைக் கன்றுக்குட்டி மாதிரி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எலிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிராகன் வேடக்காரன் உட்கார்ந்து சிவப்பு நாற்காலியின் கால் உடைந்தபோது, ரூபென் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். மொத்தம் பதினொன்று. அன்செல்மோ சரிபார்த்துக்கொண்டார்.

முடிந்ததும் எலிதா அவரைப் பார்த்தாள். அந்த ஒற்றைத் தோர்த்தாவில் கொஞ்சம் சர்க்கரை அதிகமாகத் தூவினாள். தட்டை அவர் மடியில் வைத்து, புதிதாக ஊற்றிய மாத்தேயையும் நீட்டினாள்.

“இந்தா. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே.”

அன்செல்மோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மனசாரச் சொன்னார்.

“நன்றி, எலிதா.”

எலிதா தட்டை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். மாத்தேயை அவர் கையிலிருந்து வாங்கி ரூபெனிடம் கொடுத்தாள்.

“அஞ்சு,” என்றாள்.

பன்னிரண்டாவது சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. தட்டில் மீதி ஒன்று.